வியாழக்கிழமை ஜானுக்கு

கேள்வி: கிறிஸ்தவக் குடும்பங்கள் சில, பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கின்றன. இதற்குப் பழைய முன்மாதிரி உண்டா?

பதில்: உண்டு. இங்கிலாந்தின் எப்வொர்த் ஊர்ப் போதகர் சாமுவேல் வெஸ்லியின் மனைவி சூசன்னா. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய்.

பெற்றது 19, தங்கியது 10. ஐந்து வயது நிறைந்த மறுநாளே பாடம் ஆரம்பம்: காலை 9 முதல் 12, பிற்பகல் 2 முதல் 5. எழுத்துகளைப் பெரும்பாலோர் ஒரே நாளில் கற்றார்கள். இரண்டு பெண்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் பிடித்தது. அடுத்தது நேராக ஆதியாகமம். நன்றாக வாசிக்க வரும்வரை பெண்பிள்ளைகளை வேலைக்குப் பழக்கக் கூடாது என்பதும் அவர் விதி.

1709 பிப்ரவரியில் வீடு தீப்பிடித்தது. மாடி ஜன்னலில் நின்ற ஐந்து வயது ஜானை, ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி இறக்கினார்கள். புத்தகங்கள் எரிந்துகொண்டிருக்க, வீட்டிலிருந்த எட்டுப் பிள்ளைகளும் பிழைத்ததற்காக முழங்காலிட்டு நன்றி சொல்ல அழைத்தார் தகப்பன்.

பிள்ளைகள் பல வீடுகளில் சிதறித் தங்கியதில் பழைய ஒழுங்கு குலைந்தது. சூசன்னா மறுபடி தொடங்கினார். வாரத்தில் ஒரு மாலை ஒவ்வொரு பிள்ளையோடும் தனியே பேசினார், ஜானுக்கு வியாழன். ஆக்ஸ்போர்டில் ஆசிரியரான பிறகும், அந்த வியாழன் நேரத்தில் கொஞ்சம் தனக்கு வேண்டும் என்று ஜான் தாய்க்கு எழுதினார்.