கணிப்பொறியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

செல்பேசியிலிருந்து செல்பேசிக்குச் செல்வதே குறுஞ்செய்தி என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால் உலகில் முதன்முதலாக அனுப்பப்பட்ட குறுஞ்செய்தி ஒரு கணிப்பொறியிலிருந்துதான் புறப்பட்டது. 1992ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3ஆம் நாள், இங்கிலாந்தில், நீல் பாப்வொர்த் என்னும் 22 வயதுப் பொறியாளர் கணிப்பொறியின் விசைப்பலகையில் ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, வோடஃபோன் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்டு ஜார்விஸ் என்பவரின் ஆர்பிட்டெல் 901 கருவிக்கு அனுப்பினார். விருந்தொன்றில் இருந்த ஜார்விஸ் அதைப் படித்தார். பதில் எழுத முடியவில்லை. ஏனெனில் அந்தக் கருவியில் எழுத்துகளைத் தட்டி அனுப்பும் வசதியே இல்லை. இடைவெளியையும் சேர்த்து 15 எழுத்துகள் கொண்ட அச்செய்தி 2021ஆம் ஆண்டு பாரீசில் 1,07,000 யூரோவுக்கு ஏலம் போயிற்று. விலையை விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது அதன் பொறிமுறை.

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்தவன் நான் ஒருவனே. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். கூலிப் பணம் வங்கியில் ஏறியவுடன் அவருடைய பொத்தான் செல்பேசிக்குச் செய்தி வரும், ஆங்கிலத்தில். அதே பெட்டிக்குள் பாட்டு விளம்பரமும் வரும். மாலையில் நான் வீடு திரும்பியதும் செல்பேசியை நீட்டி, “தம்பி, இது பாட்டுக்காரனா, பேங்கா?” என்று கேட்பார். தமிழில் அனுப்பினால் என்ன என்று நான் வங்கிக் கிளையில் ஒருநாள் கேட்டேன். “தமிழில் அனுப்பினால் செலவு கூடும்” என்று பதில் வந்தது. அது சாக்குப்போக்கா, உண்மையா? இக்கேள்வியே என்னை இந்த ஆய்வில் இறக்கிவிட்டது.

முதலில் குறுஞ்செய்தி எவ்வழியே செல்கிறது என்று காண்போம். செல்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே நம் குரல் செல்லும் பாதை வேறு. “உனக்கு அழைப்பு வந்திருக்கிறது, மணி அடி” என்று கருவிக்கு ஆணையிடும் சைகைப் பாதை வேறு. இந்தச் சைகைப் பாதை பெரும்பொழுது சும்மா கிடந்தது. சும்மா கிடக்கும் நேரத்தில் சிறு செய்திகளை அதன்வழி அனுப்பலாமே என்று 1980களில் ஐரோப்பியப் பொறியாளர்கள் எண்ணினர். அதனாலன்றோ நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே குறுஞ்செய்தி வந்து விழுகிறது! பேச்சு ஒரு பாதையில், செய்தி மற்றொரு பாதையில்.

அனுப்பியவரிடமிருந்து பெறுபவருக்குச் செய்தி நேரே போவதில்லை. நடுவே குறுஞ்செய்தி நடுவம் என்று ஒன்று உண்டு. நம் ஊர் அஞ்சலகத்தைப் போன்றது அது. செய்தியை வாங்கி வைத்துக்கொள்ளும். பெறுபவர் செல்பேசி அணைந்திருந்தால் மீண்டும் மீண்டும் முயலும். குறித்த காலக்கெடுவரை முடியாவிட்டால் செய்தியை அழித்துவிடும். நம் சிம் அட்டைக்குள் இந்த நடுவத்தின் எண் எழுதப்பட்டிருக்கிறது. அந்த எண் அழிந்துவிட்டால் பேச முடியும், செய்தி அனுப்ப முடியாது.

சைகைப் பாதையில் இடம் குறைவு. ஒரு செய்திக்கு 140 பைட்டுகளே ஒதுக்கப்பட்டன. ஒரு பைட்டு என்பது 8 பிட்டு. ஆக மொத்தம் 1,120 பிட்டுகள். ஆங்கில எழுத்து ஒன்றை 7 பிட்டில் குறித்தார்கள். 1,120ஐ 7ஆல் வகுத்தால் 160. குறுஞ்செய்திக்கு 160 எழுத்து என்று நாம் கேட்டிருக்கிறோமே, அந்தக் கணக்கு இதுதான். 160 போதுமா என்று அறிய, ஃபிரிட்ஹெல்ம் ஹில்லெபிராண்டு என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1985இல் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து, மனத்தில் தோன்றிய வாக்கியங்களை அடித்து, எழுத்துகளை எண்ணிப் பார்த்தாராம். ஏறத்தாழ எல்லாமே 160க்குள் அடங்கிவிட்டன என்று பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். அவர் எண்ணிப் பார்த்தது ரோமன் எழுத்து வாக்கியங்களை என்பதை மட்டும் இங்கே நினைவில் வைப்போம்.

7 பிட்டுகளைக் கொண்டு 128 குறிகளை அமைக்கலாம். அந்த 128 இடங்களில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் அமர்ந்தன. ஐரோப்பிய மொழிகளின் சில உயிர்களும் கிரேக்க எழுத்துகள் பத்தும்கூட இடம்பிடித்தன. இந்திய மொழி எதற்கும் அதில் இடமில்லை. எனவே தமிழ் யூனிகோடு எனப்படும் வேறு குறியீட்டு முறையில் செல்கிறது. அதில் ஒவ்வொரு குறிக்கும் 16 பிட்டு. 1,120ஐ 16ஆல் வகுத்தால் 70. ஆங்கிலத்துக்கு 160, தமிழுக்கு 70! போதாக்குறைக்கு, 160 எழுத்து நிறைந்த ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு ‘அ’வைச் சேர்த்துவிட்டால் செய்தி முழுவதுமே 16 பிட்டுக்கு மாறி மூன்று துண்டாகிவிடும்.

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. நாம் ஓரெழுத்து என்று எண்ணுவதைக் கணிப்பொறி ஓரெழுத்தாக எண்ணுவதில்லை. ‘தமிழ்’ என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணிப்பொறிக்கோ ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அவற்றின் எண்கள் முறையே 2980, 2990, 3007, 2996, 3021. ‘நாளை கல்லூரி விடுமுறை’ என்பதை நாம் இடைவெளியோடு எண்ணினால் 12. கணிப்பொறி எண்ணினால் 21. கொம்புக்கும் காலுக்கும் புள்ளிக்கும் தனித்தனியே கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது.

செய்தி 70க்கு மேற்போனால் துண்டாக்கி அனுப்புவர். எந்தத் துண்டுக்குப் பின் எது என்று பெறும் கருவிக்குச் சொல்ல ஒவ்வொரு துண்டின் தலையிலும் 6 பைட்டு போய்விடும். மீதி 134 பைட்டில் ஆங்கிலம் 153, தமிழ் 67. பெருமளவில் செய்தி அனுப்பும் நிறுவனங்கள் துண்டுக்கு இவ்வளவு என்றே காசு கொடுக்கின்றன. ஆகவே வங்கியில் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை என்பதைப் பின்னர்க் காட்டுவேன்.

எங்கள் துறை ஆய்வகத்தில் சிம்800 என்னும் சிறு செல்பேசித் தொகுதி ஒன்று இருந்தது. ஒரு தீப்பெட்டியின் பாதி அளவுகூட இராது. அதில் ஒரு சிம் அட்டையைச் செருகி, கம்பி வழியே கணிப்பொறியோடு இணைத்தோம். மின்னோட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. கோபுரத்தோடு பேசும் கணத்தில் இது 2 ஆம்பியர்வரை இழுக்கும். கணிப்பொறியின் யூ.எஸ்.பி. வாயில் வழக்கமாகத் தருவது அரை ஆம்பியர். ஆகவே 4 வோல்ட்டு அளவில் தனி மின்வழங்கி தேவை. இல்லையேல் தொகுதி அனுப்பும் நேரத்தில் அணைந்து அணைந்து எழும். இது 2ஜி அலையில் மட்டும் இயங்குவது. ஆதலால் 4ஜி மட்டுமே தரும் நிறுவனத்தின் சிம் இதில் வேலை செய்யாது.

தொகுதியோடு பேச ஒரு மொழி உண்டு. ஒவ்வொரு கட்டளையும் ‘ஏ.டி.’ என்று தொடங்கும். ‘கவனி’ என்னும் பொருள்பட்ட ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. 1981இல் வந்த ஹேய்ஸ் மோடத்துக்காக அமைத்த மொழி இன்றும் உயிரோடிருக்கிறது. கணிப்பொறியில் ‘ஏ.டி.’ என்று தட்டி நுழைவு விசையை அழுத்தினால் தொகுதி ‘ஓ.கே.’ என்று மறுமொழி தரும். அந்த இரண்டெழுத்தைத் திரையில் கண்டபோது ஆய்வகத்தில் நாங்கள் நால்வரும் கைதட்டிவிட்டோம். ‘சி.எஸ்.கியூ.’ என்று கேட்டால் அலையின் வலிமையை 0 முதல் 31 வரை ஓர் எண்ணால் சொல்லும். 99 என்றால் தெரியவில்லை என்று பொருள். ‘சி.எம்.ஜி.எஃப்.=1’ என்றால் எழுத்து முறைக்கு மாறும். ‘சி.எம்.ஜி.எஸ்.’ என்று தட்டிப் பெறுபவர் எண்ணைக் கொடுத்தால் ஓர் அம்புக்குறி தோன்றும். அதன்பின் செய்தியைத் தட்டி, கண்ட்ரோல் விசையையும் ‘இசட்’ விசையையும் சேர்த்து அழுத்தினால் செய்தி புறப்பட்டுவிடும்.

தமிழுக்கு இன்னும் இரு கட்டளைகள் வேண்டும். ‘சி.எஸ்.சி.எஸ்.’ கட்டளையால் 16 பிட்டுக் குறியீட்டைத் தேர்ந்துகொள்ள வேண்டும், ‘சி.எஸ்.எம்.பி.’ கட்டளையின் இறுதி எண்ணை 8 என்று வைக்க வேண்டும். அதன்பின் எழுத்துகளை எழுத்தாக அன்றி அவற்றின் எண்களாகப் பதினாறன் முறையில் தட்ட வேண்டும். கையால் இதைச் செய்வது கண்ணைக் குத்தும் வேலை. பைத்தான் மொழியில் பத்து வரி எழுதிக் கணிப்பொறியிடமே விட்டுவிட்டோம்.

தமிழ் எழுத்துகளின் எண்களை வரிசையாகத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. தமிழுக்கு யூனிகோடு ஒதுக்கிய இடம் 2944 முதல் 3071 வரை. எந்த எண்ணை எடுத்து 256ஆல் வகுத்தாலும் ஈவு 11தான். அதாவது ஒவ்வொரு தமிழ்க் குறியின் இரு பைட்டுகளில் முதற்பைட்டு எப்போதும் 11. “இது தமிழ், இது தமிழ், இது தமிழ்” என்று ஒவ்வோர் எழுத்துக்கும் சொல்லிக்கொண்டே போவது போன்றது இது. ஒருமுறை சொன்னால் போதாதா? மேலும் 2944 முதல் 3071 வரை எத்தனை இடங்கள்? சரியாக 128. 128 குறிகளுக்கு 7 பிட்டு போதும் என்று மேலே கண்டோம்.

இதைப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் செல்பேசித் தரநிர்ணய ஏடுகளைத் தேடிப் பார்க்கச் சொன்னார். தேடினால், இது முன்னரே நடந்திருக்கிறது! செய்தியின் தலையில் 4 பைட்டில் “இது தமிழ்” என்று ஒருமுறை சொல்லிவிட்டு, எஞ்சியதை 7 பிட்டு அட்டவணையில் எழுதும் முறையைத் தமிழ் உள்ளிட்ட பத்து இந்திய மொழிகளுக்கு உலகத் தரநிர்ணயத்தில் சேர்த்திருக்கிறார்கள். எஞ்சும் 136 பைட்டு 1,088 பிட்டு. 7ஆல் வகுத்தால் 155. ஆங்கிலத்துக்கு 160, தமிழுக்கு 155. ஐந்தே எழுத்துதான் வேறுபாடு. ஆனால் அனுப்பும் நிலையமும் பெறும் கருவியும் இரண்டுமே அந்த அட்டவணையை அறிந்திருந்தாலன்றி இது நடவாது. எங்கள் கைக்கு எட்டிய செல்பேசிகளில் தமிழில் எழுதத் தொடங்கியதும் எண்ணிக்கை 70 என்றே காட்டின. அட்டவணை ஏட்டில் இருக்கிறது, ஏட்டுச் சுரைக்காய்! தமிழுக்குச் செலவு கூடும் என்பது தமிழின் குணத்தால் அன்று. இருக்கும் வழியை எவரும் பயன்படுத்தாததால் என்பதே என் துணிபு.

சரி, அதுவரை 70க்குள் எழுதக் கற்போம் என்று முனைந்தோம். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நேரம் அது. எங்கள் வகுப்பில் பாதிப்பேர் வீட்டில் தந்தையோ தாயோ படித்தவரல்லர். சான்றிதழுக்கு அலைபவர்கள் அவர்கள்தான். அறிவிப்போ கல்லூரிப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும். தோழர்களின் ஒப்புதலோடு அவர்கள் வீட்டு எண்களைப் பெற்றுச் செய்தி எழுதினோம். முதல் வடிவம்: “உதவித்தொகை விண்ணப்பம் தர வெள்ளி கடைசி நாள். வருமானச் சான்று, சாதிச் சான்று கொண்டுவரவும்.” எண்ணினால் 88. இரண்டு துண்டு. திருத்திய வடிவம்: “உதவித்தொகை மனு வெள்ளிக்குள். வருமானம், சாதிச் சான்று தேவை.” இது 58. ‘விண்ணப்பம்’ 10 இடம் கொள்ளும், ‘மனு’ 3தான். புள்ளியெழுத்து மிகுந்த சொல்லைத் தவிர்ப்பதே இதில் சூட்சுமம். சொல்லுக்கு இவ்வளவு காசு என்றிருந்த தந்தி 2013 ஜூலையில் நின்றுபோயிற்று. தந்தி எழுதப் பழகியிருந்த பெரியவர்கள் இதை எங்களைவிட நன்றாகச் செய்திருப்பார்கள்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. ஒரு சிம்மைக் கணிப்பொறியில் செருகி ஊருக்கெல்லாம் வணிகச் செய்தி அனுப்பலாம் என்று எவரும் கிளம்பிவிட வேண்டா. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, வணிகச் செய்தி அனுப்பும் நிறுவனம் தன் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிந்துகொள்ள வேண்டும். 2021 மார்ச்சில் பதியாத வாசகங்களைத் தடுக்கத் தொடங்கியபோது வங்கிகளின் ஒருமுறைக் கடவெண்களே பலருக்கு வந்து சேராமல், தடையைச் சில நாள் நிறுத்திவைக்க நேர்ந்தது. எங்களுடையது ஒரு வகுப்பளவிலான சோதனை.

இனிப் பெறுதல். பாப்வொர்த்தின் கணிப்பொறி அனுப்பியதோடு சரி, பதில் வாங்கவில்லை. நம் தொகுதி வாங்கும். ‘சி.என்.எம்.ஐ.’ கட்டளையை முன்பே கொடுத்து வைத்தால், செய்தி வந்ததும் “சிம்மில் 3ஆம் இடத்தில் ஒன்று வந்திருக்கிறது” என்று திரையில் அறிவிக்கும். ‘சி.எம்.ஜி.ஆர்.=3’ என்றால் அதைப் படித்துக் காட்டும். படித்ததும் ‘சி.எம்.ஜி.டி.=3’ என்று அழித்துவிடுவது நல்லது; சிம்மில் சிறிதளவே இடமுண்டு, நிரம்பினால் புதுச்செய்தி உள்ளே வராது.

பதில்கள் சில வந்தன. சில வீடுகளில் பழைய செல்பேசித் திரையில் தமிழ் வெறுங்கட்டமாகத் தெரிந்ததாகத் தோழர்கள் வந்து சொன்னார்கள். அவர்களுக்கு நேரில் சொல்லிவிட்டோம். ஒரு தந்தை, பக்கத்து வீட்டுப் பையனைக் கொண்டு ஆங்கில எழுத்தில் தட்டச் செய்து, “வருமான சான்று எங்க வாங்கணும்?” என்று கேட்டிருந்தார். நால்வரும் கணிப்பொறியின் முன் உட்கார்ந்து, சொற்களை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்து, இப்படி அனுப்பினோம்: “இ-சேவை மையத்தில் மனு செய்க. ரேஷன் அட்டை, ஆதார் எடுத்துச் செல்லவும்.” எண்ணினால் 67. மூன்று இடம் மீதி இருந்தது.