பேருந்தில் நிற்பவர்களின் கணக்கு

அமெரிக்க நகரங்களின் போக்குவரத்து நிறுவனங்கள் பயணிகளுக்கென வெளியிடும் செய்தியறிக்கைகளில், வழித்தட மாற்றம், கட்டண உயர்வு, கருத்துக்கேட்புக் கூட்டம் ஆகியவை பற்றிய அறிவிப்புகளுக்கு அருகிலேயே, இனமோ நிறமோ பிறப்பு நாடோ பாராமல் சேவை வழங்கப்படும் என்ற உறுதிமொழியும் அச்சாகியிருக்கும். அதை நிறுவனத்தின் பெருந்தன்மை என்று கொள்வோரும் உண்டு. வெற்றுச் சடங்கு என்று தள்ளுவோரும் உண்டு. அதன் பின்னுள்ள சட்டத்தையும், அச்சட்டத்தை நடைமுறைக்கு இழுத்து வந்த பேருந்துப் பயணிகளின் உழைப்பையும் இரு சாராரும் காணத் தவறுகின்றனர்.

நம்பிக்கை: சமநீதி உறுதிமொழி, நிறுவனம் தானாக முன்வந்து அளிக்கும் வாக்கு.

உண்மையில் அது நிதியோடு சேர்ந்து வரும் கடமை. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் பகுதி, கூட்டாட்சி அரசின் பணத்தைப் பெறும் எத்திட்டத்திலும் இனம், நிறம், பிறப்பு நாடு ஆகியவற்றின் அடிப்படையில் எவரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. பேருந்து வாங்குவதற்கும் இருப்புப்பாதை அமைப்பதற்கும் பெருநகர நிறுவனங்கள் அப்பணத்தை நம்பியிருப்பதால், அந்த விதி அவற்றைக் கட்டுப்படுத்துகிறது. கூட்டாட்சிப் போக்குவரத்து நிர்வாகம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டு ஆவணம், உரிமை அறிவிப்பைப் பொது இடங்களில் ஒட்டுதல், புகார்ப் படிவம் வைத்தல், ஆங்கிலம் அறியாதோருக்கு மொழியுதவி செய்தல், மூன்றாண்டுக்கு ஒருமுறை அறிக்கை அளித்தல் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. 2,00,000 பேருக்குக் குறையாத நகர்ப்பகுதியில், நெரிசல் நேரத்தில் 50 அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகளை ஓட்டும் நிறுவனம், கட்டணத்தையோ சேவையையோ பெரிதாக மாற்றுமுன் சமநீதி ஆய்வு நடத்த வேண்டும் என்றும் கூறியது. சமநீதி ஆய்வு என்பது, ஒரு மாற்றத்தின் சுமை எந்த மக்கள்மீது எவ்வளவு விழும் என்பதை முடிவெடுக்கும் முன்பே கணக்கிட்டுக் காட்டுவதாகும்.

இச்சட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதன் ஆறாம் பகுதியில் வருமானம் என்ற சொல் இல்லை. குறைந்த வருமானம் உடையோரைக் கருதும் கடமை 1994இல் பிறப்பிக்கப்பட்ட ஒரு குடியரசுத் தலைவர் ஆணையிலிருந்தே வந்தது, அந்த ஆணை 2025இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஏழைப் பயணியின் பாதுகாப்பு எவ்வளவு மெல்லிய இழையில் நின்றது என்பதை இதிலிருந்து அறியலாம்.

நம்பிக்கை: எல்லோரிடமும் ஒரே கட்டணம் வாங்கினால் அதுவே சமநீதி.

லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் பெருநகரப் போக்குவரத்து ஆணையம், அதுவரை தனித்தனியே இயங்கிய பேருந்து நிறுவனமும் போக்குவரத்துத் திட்டக் குழுவும் 1993இல் இணைந்து உருவானது. அதன் ஆட்சிக்குழு 1994 ஜூலையில், ஒரு பயணத்துக்கான கட்டணத்தை 1.10 டாலரிலிருந்து 1.35 டாலராக உயர்த்தவும், எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்க வழிசெய்த 42 டாலர் மாதாந்திர பாஸை ஒழிக்கவும் தீர்மானித்தது. அதையொட்டியே பாசடேனா ரயில் தடத்துக்கு 123 மில்லியன் டாலருக்கும் ஒப்புதல் தந்தது. உயர்வு எல்லோருக்கும் ஒன்றாகவே எழுதப்பட்டிருந்தபோதும், இரண்டு மூன்று பேருந்துகள் மாறிப் பணியிடம் சேரும் வீட்டு வேலைக்காரருக்கும் தையல் தொழிலாளிக்கும் பாஸ் பறிபோவது மாத வருமானத்தில் விழும் வெட்டு. இம்முடிவை எதிர்த்துப் பின்னர் வழக்குத் தொடுத்தோர் முன்வைத்த கணக்கின்படி, ஆணையத்தின் பயணிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பேருந்தில் சென்றனர், அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் வெள்ளையர் அல்லாதோர். ஒரு பேருந்துப் பயணத்துக்குக் கிடைத்த மானியம் 1.17 டாலர், புறநகர் ரயிலில் ஒரு பயணத்துக்குக் கிடைத்ததோ 21.02 டாலர். ஒரே கட்டணம் என்ற வாதத்தால் இந்த இடைவெளியை மறைக்க இயலாது.

பேருந்துப் பயணிகள் சங்கமும் அதன் தோழமை அமைப்புகளும் வழக்குத் தொடுத்தன, குடிமை உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. சட்டப் பாதுகாப்பு நிதியம் அவற்றுக்காக வாதாடியது. 1994 செப்டம்பரில் நீதிபதி டெரி ஹேட்டர் கட்டண உயர்வுக்கு இடைக்காலத் தடை விதித்தார். விசாரணை முழுமையாக நடக்குமுன், 1996 அக்டோபரில், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளை நீதிமன்றமே ஆணையாகப் பதிவு செய்யும் இசைவாணை ஒன்று பத்தாண்டுக் காலத்துக்கு உருவாயிற்று. 42 டாலர் மாத பாஸ் உறுதியாயிற்று. 11 டாலருக்கு வாராந்திர பாஸும் வந்தது.

நம்பிக்கை: கூட்ட நெரிசல் என்பது பயணிகளின் முணுமுணுப்பு, அளந்து நிறுவ இயலாது.

அந்த இசைவாணையின் அரிய பகுதி இதற்குத்தான் விடை தந்தது. சுமை விகிதம் என்பது பேருந்தில் உள்ள பயணிகளின் எண்ணிக்கையை இருக்கைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பெறுவது. 40 இருக்கைகள் கொண்ட வண்டியில் 54 பேர் இருந்தால் விகிதம் 1.35, அதாவது 14 பேர் நிற்கின்றனர். 1997 இறுதிக்குள் 1.35, 2000இன் நடுவில் 1.25, 2002இன் நடுவில் 1.20 என்று படிப்படியாக நெரிசலைக் குறைக்க ஆணையம் உடன்பட்டது. நாள் முழுவதற்குமான சராசரியைக் கொண்டு தப்பிவிடாதபடி, நெரிசல் நேரத்தின் எந்த 20 நிமிடத்திலும் அளவு மீறக் கூடாது என்று வகுத்ததில் பயணிகளின் பட்டறிவு தெரிகிறது. நண்பகலில் காலியாக ஓடும் பேருந்தால், காலை ஏழு மணிக்கு ஏற இடமின்றி விடப்பட்டவருக்கு ஒரு பயனும் இல்லை.

முதல் இலக்கே தவறியது. தகராறுகளைத் தீர்க்க இசைவாணையின்கீழ் அமர்த்தப்பட்ட சிறப்பு அலுவலரின் விசாரணைக்குப் பின், 1999இல் நீதிபதி 248 பேருந்துகளை வாங்குமாறு ஆணையிட்டார். ஆணையம் மேல்முறையீட்டில் 2001இல் தோற்றது, உச்ச நீதிமன்றமும் 2002இல் வழக்கை ஏற்க மறுத்தது. தான் கையொப்பமிட்ட ஓர் எண்ணை எதிர்த்தே ஒரு பொது நிறுவனம் இத்தனை ஆண்டுகள் வழக்காடியது வருந்தத்தக்கது. இசைவாணை 2006இல் காலாவதியானது, நீட்டிப்புக் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

நம்பிக்கை: ரயில் வந்துவிட்டால் பேருந்தில் செல்வோருக்கும் நன்மை தானே வந்து சேரும்.

இதே நகரில் முன்னர் நடந்தது வேறு. 1980இல் வாக்காளர்கள் ஏற்ற அரை விழுக்காட்டு விற்பனை வரியைக் கொண்டு, 1982 முதல் மூன்றாண்டுகள் கட்டணம் 50 சென்ட்டாகக் குறைக்கப்பட்டது. ஆண்டுப் பயண எண்ணிக்கை 354 மில்லியனிலிருந்து 497 மில்லியனாக, ஏறத்தாழ 40 விழுக்காடு, உயர்ந்தது. 1985இல் அப்பணத்தின் ஒரு பங்கு ரயில் கட்டுமானத்துக்குத் திரும்பியதும் கட்டணம் ஏறியது, பயணிகள் குறைந்தனர். ரயில் பேருந்துக்குப் பகை என்பதும் பிழையே. ஒன்றுக்காக மற்றொன்றின் நிதியை எடுக்கும்போது இழப்பவர் யார் என்ற கேள்வி எழுந்தாக வேண்டும்.

நம்பிக்கை: மாற்றுத்திறனாளிகளுக்கான ஏறுதளமும் நிறுத்தத்தின் பெயரை அறிவிக்கும் குரலும் சலுகைகள்.

1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அவற்றை உரிமையாக்கியதோடு, வழித்தடத்திலிருந்து முக்கால் மைல் தொலைவுக்குள், பேருந்தைப் பயன்படுத்த இயலாதோருக்குத் தனி வண்டிச் சேவையையும், வழக்கமான கட்டணத்தின் இரு மடங்குக்கு மிகாத விலையில், விதித்தது.

நம்பிக்கை: அறிவிப்பும் புகார்ப் படிவமும் வெறும் காகிதம், நீதி கிடைப்பது நீதிமன்றத்தில்தான்.

2001இல் அலெக்சாண்டர் எதிர் சாண்டோவல் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு முடிவின் விளைவு பாரபட்சமாக இருக்கிறது என்பதை மட்டும் காட்டித் தனிமனிதர் ஆறாம் பகுதியின் விதிகளின்கீழ் வழக்குத் தொடுக்க இயலாது, பாகுபாட்டு நோக்கத்தை நிறுவியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. விளைவைச் சுட்டிக் கேள்வி கேட்க எஞ்சியது, நிதி தரும் அரசுத் துறைக்கு எழுதும் புகார் என்ற வழியே. ஆகையால் பேருந்தில் ஒட்டப்படும் அறிவிப்பு, யாருக்கு எழுத வேண்டும் என்று பயணி அறியும் இடமாக முன்னிலும் முக்கியமானது.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் பார்ட் நிறுவனம் இதை அனுபவத்தில் கண்டது. ஓக்லண்ட் விமான நிலைய இணைப்புத் தடத்துக்குச் சமநீதி ஆய்வு செய்யாமலேயே அது முன்னேறியபோது, சமூக அமைப்புகள் 2009இல் கூட்டாட்சிப் போக்குவரத்து நிர்வாகத்திடம் புகார் அளித்தன. 2010 பிப்ரவரியில் அத்திட்டத்துக்கான 70 மில்லியன் டாலர் கூட்டாட்சிப் பொருளாதார ஊக்க நிதி நிறுத்தப்பட்டு, அப்பகுதியின் பிற போக்குவரத்துச் சேவைகளுக்குத் திருப்பப்பட்டது. இணைப்புத் தடம் வேறு நிதியைத் திரட்டி 2014 நவம்பரில் திறக்கப்பட்டது. 3 டாலருக்கு ஓடிய பழைய பேருந்தின் இடத்தில் அதன் தொடக்கக் கட்டணம் 6 டாலர்.