ஓசை மிகுந்த தொழிலும் செவியும்

மும்பையின் கிழக்குப் புறநகரான கோவண்டியில் சிறு பட்டறைகள் பல உள. தகடு தட்டும் தொழிலாளி ஒருவர், மாலையில் காதில் இரைச்சல் கேட்பதாகக் கூறினால், களப்பணியாளர் அதனைக் களைப்பென்று தள்ளிவிடலாகாது. உட்செவியில் நத்தை ஓடு போன்ற சுருளினுள் மயிரணுக்கள் உள்ளன. அவை தாக்குண்டமைக்கு அது அறிகுறியாகும். ஓய்வில் அவை ஓரளவு தேறும். நாள்தோறும் தாக்குண்டால் அழியும். அழிந்தவை மீண்டும் வளர்வதில்லை.

குறைவு பெரும்பாலும் வினாடிக்கு 4,000 அதிர்வுகளையொட்டித் தொடங்குகிறது. பேச்சின் உயிரொலிகளுக்கு வலுவூட்டும் அதிர்வுகள் பெரும்பாலும் அதற்குக் கீழ்ப்பட்டவை. ஆதலால் தொழிலாளி நெடுநாள் எதையும் உணர்வதில்லை. பின்னர் மெய்யொலிகள் மங்கும். ‘தட்டு’, ‘பட்டு’, ‘கட்டு’ மூன்றும் ஒன்றுபோல் தோன்றும். குரல் கேட்கும், சொல் விளங்காது. மகன் முணுமுணுக்கிறான் என்று தந்தை கடிந்துகொள்வது இந்நிலையிற்றான். மாணவர் வாயிலாக ஆசிரியர் இதனைக் கேட்டறியலாம்.

90 டெசிபலில் 8 மணி நேரம், 95 டெசிபலில் 4 மணி நேரம் என நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் வரம்பு வகுத்தன. ஆனால் மின்விசை கொண்டு பத்துப் பேருக்குக் குறைவானோர் உழைத்த பட்டறை, 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாகத் தொழிற்சாலையே அன்று. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு அவ்வெண்ணை இருபதாக்கியது. எனவே அங்குச் செல்லும் களப்பணியாளரே அளவுகோல். கை நீளத்தில் நிற்பவரிடம் கத்தினாலன்றிப் பேச இயலாவிடின், ஓசை மிகுதியென்று கொள்க. வெறும் பஞ்சு போதிய காப்பாகாது, செவியடைப்பான் வேண்டும். இரைச்சல் கேட்போரைச் செவிப் பரிசோதனைக்கு அனுப்புக.