துண்டறிக்கையில் ஒளிந்திருக்கும் காலநிலை

உள்ளாட்சி அமைப்புகள் பற்றிய பாடம் பெரும்பாலும் பதவிகளின் பெயர், உறுப்பினர் எண்ணிக்கை, பதவிக்காலம் என்பதோடு முடிந்துவிடுகிறது. 73ஆவது, 74ஆவது அரசமைப்புத் திருத்தங்களை மாணவர்கள் தடையின்றிச் சொல்வார்கள். தம் ஊரில் தேர்தலில் நிற்பவர் சொல்வது நடக்கக்கூடியதா என்று கேட்டால் தயங்குவார்கள். அதற்காக இரண்டு பாடவேளைகள் ஒதுக்கலாம்.

கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சி அடிப்படையில் நடப்பவை அல்ல. எனவே கட்சி அறிக்கைகளில் தேடிப் பயனில்லை. வேட்பாளர் தரும் துண்டறிக்கையில்தான் அவருடைய நிலைப்பாடு இருக்கிறது. 'காலநிலை மாற்றம்' என்ற சொல் அதில் அநேகமாக இருக்காது. ஏரி, வடிகால், மரக்கன்று, தெருக்குழாய் என்றுதான் இருக்கும். அவற்றுக்குள் காலநிலையைக் கண்டுபிடிப்பதே மாணவரின் முதல் வேலை.

இங்கே அறிவியல் ஆசிரியரும் சேர்ந்துகொள்ளலாம். வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்றில் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவி இருக்க முடியும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. அந்த ஒரு மழைக்குக் காலநிலை மாற்றம் மட்டுமே காரணம் என்று மாணவர் எழுதினால் திருத்துங்கள். இத்தகைய பெருமழைக்கான வாய்ப்பு கூடிவருகிறது என்பதே சரியான கூற்று.

அடுத்து, கரும்பலகையில் மூன்று கற்பனை வேட்பாளர்களின் வாக்குறுதிகள். நாமே வாக்குச்சாவடிப் பணிக்குச் செல்பவர்கள். உண்மையான வேட்பாளர் பெயர் எதுவும் வகுப்பறைக்குள் வேண்டாம்.

"ஊர் ஏரியை முழுவதும் தூர்வாருவேன்."
"ஆயிரம் மரக்கன்றுகள் நடுவேன்."
"புயல் வந்தால் யாருக்கும் பாதிப்பில்லாமல் காப்பேன்."

முதலாமவருக்கே கைகள் அதிகம் உயரக்கூடும். உயரட்டும். பிறகு, அந்த ஏரி யாருடையது என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள ஏரிகளை ஊராட்சி ஒன்றியங்கள் பராமரிக்கின்றன. அதற்கு மேற்பட்டவை நீர்வளத்துறையிடம் உள்ளன. ஊராட்சித் தலைவர் தீர்மானம் போடலாம், வலியுறுத்தலாம். தம் விருப்பப்படி தூர்வாரிவிட முடியாது. ஆனால் ஊரணியும் தெரு வடிகாலும் ஊராட்சியின் பொறுப்பு. இப்போது வாக்குறுதியை மாணவர்களே திருத்தி எழுதட்டும். "வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஊரணியின் வரத்துக்காலை ஆண்டுதோறும் சுத்தம் செய்வேன்" என்ற அளவுக்கு வந்துவிட்டால் போதும். கேட்க அது சிறிய வாக்குறுதி. ஆனால் நடந்ததா இல்லையா என்று அடுத்த ஆண்டே பார்த்துவிடலாம்.

மரக்கன்றுக்கு ஒரே கேள்விதான்: சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்றுவது யார்?

மூன்றாவது வாக்குறுதிக்கு நேரம் ஒதுக்குங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்தபோது தென்னைகளும் மின்கம்பங்களும் சாய்ந்தன. புயலை எந்த வேட்பாளராலும் தடுக்க முடியாது. தனியாக வசிக்கும் முதியவர்கள் யார், எழுந்து நடக்க முடியாதவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள், அவர்களை அழைத்து வருவது யார் என்ற பட்டியலை வார்டு உறுப்பினரால் வைத்திருக்க முடியும். பல ஊர்களில் நிவாரண முகாமே பள்ளிக் கட்டடம்தான். மின்சாரம் இல்லாத நேரத்தில் நம் பள்ளியில் குடிநீர் எங்கிருந்து வரும் என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்குத் தோன்றாத விடையும் பிள்ளைகளிடமிருந்து வரக்கூடும்.

நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குத் துண்டறிக்கை தேவையில்லை. மழை பெய்த மறுநாள் தெருவில் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று படம் வரைந்தாலே போதும்.

கிராம சபையில் வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லாரும் உறுப்பினர்கள். மாணவர்களுக்கு வாக்கு இல்லை, வீட்டில் இருக்கிறது. வகுப்பில் உருவான கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் பெற்றோரிடம் கொடுக்கச் சொல்லலாம். வரத்துக்கால் பற்றிய கேள்வி ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே எழுந்தால் நல்லது. அக்டோபர் 2 கூட்டம் வரும்போது பருவமழை நெருங்கியிருக்கும்.