ராஜினாமாவை ஒத்திப்போடுங்கள்

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் குடியிருந்துகொண்டு ரயிலில் மைசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்வருகிறவர்கள் உண்டு. அவர்களில் நீங்களும் ஒருவரா? இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, ஒரு மெயிலுக்குப் பதில் போட அரைமணி ஆகிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அதைச் சோம்பல் என்று திட்டிக்கொள்ளாதீர்கள். டிப்ரெஷனாக இருக்கலாம். வேலையை விட்டுவிடத் தோன்றும், இப்போது வேண்டாம். எதுவும் தேறாது என்று நம்பவைப்பது இந்த நோயின் குணம். அந்த நேரத்தில் எடுக்கும் முடிவை நம்பாதீர்கள்.

இந்த ஊரில் திப்புவின் ஆயுதக் கிடங்கு ஒன்று இரட்டை ரயில்பாதைக்குக் குறுக்கே நின்றது. இடிக்கவில்லை, 2017-ல் அப்படியே பெயர்த்துச் சற்றுத் தள்ளி வைத்தார்கள். உங்கள் வேலையையும் விட்டுவிடாமல், இப்போதைக்கு அப்படிச் சற்றுத் தள்ளிவைத்தால் போதும். நைட் ஷிப்ட் வேண்டாம், புதுப் பொறுப்பு வேண்டாம், அவ்வளவுதான்.

முதலில் டாக்டர். கர்நாடகத்தின் மனோசைதன்யா திட்டத்தில் தாலுகா மருத்துவமனைகளில் செவ்வாய்க்கிழமை மனநல மருத்துவர் பார்க்கிறார், விசாரித்துவிட்டுப் போங்கள். மைசூர் கே.ஆர். மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வு வரும் என்பதால் ரத்தப் பரிசோதனை சொல்வார்கள். நேரில் போகக் கூச்சமா? 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலிமானஸ் மனநல உதவி எண், இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லி, அவரைக் கூட்டிக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஆபீஸில் நோயின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்பதில்லை. "சார், உடம்பு சரியில்லை. டாக்டர் இரண்டு வாரம் ஓய்வு சொல்லியிருக்கிறார், சர்டிபிகேட் அனுப்புகிறேன்." மேலதிகாரிக்கு இது போதும். உங்கள் சிகிச்சை விவரத்தை மருத்துவமனை வெளியில் சொல்லக்கூடாது என்கிறது 2017-ம் வருட மனநலச் சட்டம். உடல்நோய்க்குக் கொடுப்பதுபோலவே இதற்கும் இன்ஷூரன்ஸ் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது, பலர் கேட்பதேயில்லை. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு, தகுதி நாட்கள் இருந்தால், சர்டிபிகேட்டின்பேரில் வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும்.

லீவு நாட்களைப் படுக்கையில் கழிக்காதீர்கள். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், டாக்டரல்லாத ஆலோசகர்கள் கடுமையான டிப்ரெஷன் உள்ளவர்களைச் சின்னச் சின்ன வேலைகளில் இறங்கவைத்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறியதாக 2017-ல் லான்செட் இதழில் வந்தது. மனம் தெளிந்தபின் எழுந்திருக்கலாம் என்று இருந்தால் எழுந்திருக்கவே மாட்டோம். அதற்காக முதல் நாளே காவிரிச் சங்கமம் வரை நடக்கக் கிளம்பாதீர்கள். குளித்து, சட்டை மாற்றி, தெருமுனையில் ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் அன்றைக்குப் போதும்.

வேலைக்குத் திரும்பும்போது முதல் வாரம் அரைநாள் கேட்டுப் பாருங்கள். பலருக்குக் காலையில்தான் சோர்வு அதிகம். கணக்கு, ரிப்போர்ட் போன்றவற்றை மதியத்துக்குத் தள்ளுங்கள். டாக்டர் மாத்திரை கொடுத்தால், அது வேலைசெய்யச் சில வாரம் ஆகும். தேறியபின்னும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரைப் பார்க்கும் நாளில் மீட்டிங் வைத்தால், மீட்டிங்கை மாற்றுங்கள்.