புதிய முறையை எடுத்துரைக்கும் வகை

1960-களில் தஞ்சை உழவர்கள் ஆடுதுறை 27 என்னும் குறுவை நெல்லை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். அதன் சாகுபடி முறையைத் திருச்சி வானொலி பருவமறிந்து எடுத்துரைத்தமையே காரணம். எனினும், செய்தியைக் கூறுவதோடு நம் கடமை முடிந்துவிடாது.

திருவண்ணாமலை வட்டாரத்தார் மல்லாட்டை என வழங்கும் நிலக்கடலையைக் காண்போம். இறவைப் பயிருக்கு விதைத்த 40 முதல் 45 நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தல் வேண்டும். “இடுக” என்று மட்டும் கூறின், கடன் பெற்றுப் பயிரிடுவோர் அதனை வீண் செலவென்றே கருதுவர். காரணத்தையும் விளக்குக: மண்ணில் இறங்கும் விழுதுகளும் இளங்காய்களும் சுண்ணாம்புச் சத்தை மண்ணிலிருந்து நேரே உறிஞ்சுகின்றன, அச்சத்து குறையின் காய் பொக்காகும்.

அடுத்து, ஒரே வயலில் இரு சம பாத்திகள் வகுத்து, ஒன்றில் மட்டும் ஜிப்சம் இடச் செய்க. அறுவடையன்று அயலாரையும் அழைத்து, இரண்டின் காய்களையும் உரித்து நிறுத்துப் பார்க்கட்டும்.

உழவர் தயங்குவது அறியாமையால் அன்று. ஒரு போகம் பொய்ப்பின் கடன் சுமை அவர் தலைமேலேயே விழும். அறிவுரை கூறியவர் மேல் விழாது. ஆதலின், சிறு பாத்தியில் சோதித்தறியச் செய்து, பின்னரே முழு நிலத்திற்கும் பரிந்துரைத்தல் சங்கத்தார்க்கு அழகாகும்.