செவ்வரத்தையை வரையுங்கள், தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

வேலை முடிந்து வந்து இரவில் படம் வரைவதாகவும், வரையும்போதே ஒரு குற்றவுணர்வு கூட வந்து உட்கார்ந்துவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். போரில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் உட்கார்ந்தார்கள். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு செவ்வரத்தம்பூ வரைவது நியாயமா என்று கேட்கிறீர்கள். வரையுங்கள் என்பதுதான் என் பதில். போரைத்தான் வரைய வேண்டும் என்ற கடமையை உங்கள் தூரிகையின் மேல் இப்போதே ஏற்றாதீர்கள். யாரும் கேட்காமல், யாருக்கும் விற்காமல், எந்த நிறுவனத்தின் அறிக்கைக்காகவும் அல்லாமல் வரைகிறீர்கள்; ஓய்வு நேரத்தில் வரைகிறவருக்கு மட்டும் கிடைக்கிற சுதந்திரம் அது. கண்முன்னால் இருப்பதை உள்ளபடி பார்க்கும் பழக்கம் அந்தச் சுதந்திரத்தில்தான் வளரும். நாளை என்ன ஆகும் என்று தெரியாத காலத்தில் அந்தப் பழக்கம் சின்ன விஷயம் இல்லை.

இதற்கு நம்மிடையே ஒரு சான்று இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் த. சனாதனன் 2011இல் வெளியிட்ட நூல் ஒன்றின் ஆங்கிலத் தலைப்புக்கு ‘முடிவுறாத தோம்பு’ (தோம்பு என்றால் காணிப் பதிவேடு) என்று பொருள். அந்த நூலுக்காகப் போரில் இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும், விட்டுவந்த தங்கள் வீடுகளின் வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தார்கள். சித்திரம் கற்றவர்கள் என்று அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தப் பக்கங்களில் குண்டும் பீரங்கியும் முன்னால் வந்து நிற்பதில்லை. எந்த அறை எங்கே இருந்தது என்பதுதான் நிற்கிறது. இழந்தவர்கள் தேடியது அன்றாடத்தை. அப்படியானால் அன்றாடம் கையில் இருக்கும்போதே அதைக் கவனித்து வரைவதை எப்படி வீண்வேலை என்பது? 2009இல் விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்துகொண்டே போன சனம் எத்தனை புகைப்பட அல்பங்களை வழியில் விட்டது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வன்னியில் ஒரு குசினியின் படம் வெறும் குசினியின் படமாக மட்டும் இருக்க முடியாது.

இது தப்பி ஓடுவதல்லவா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1942 டிசம்பரில் நாசிகளின் தெரேசின் யூதத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட ஓவியர் பிரீடில் டிக்கர்-பிராண்டைஸ் அங்கே பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பித்தார். முகாமில் பிள்ளைகள் வரைந்தவற்றில் ஏறத்தாழ 4,500 படங்கள் இன்று பிராக் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பூ, வண்ணத்துப்பூச்சி, வீடு, சாப்பாட்டு மேசை என்றே அவற்றில் மிகப்பல. அந்தப் பிள்ளைகள் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை அறியாமல் அவற்றை வரையவில்லை. தெரிந்துகொண்டே, வரைகிற நேரமாவது கண்ணும் கையும் தங்கள் சொல் கேட்கும்படி வைத்துக்கொண்டார்கள். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது: ஓவியம் யாரையும் காப்பாற்றவில்லை. 1944 ஒக்டோபரில் ஆசிரியை அவுஷ்விற்சில் கொல்லப்பட்டார். பிள்ளைகளிலும் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. அதனால்தான், வரைந்தால் மனக்காயம் ஆறிவிடும் என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்லப்படுவதை நான் அப்படியே ஏற்பதில்லை. அமெரிக்காவில் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 39 பேர் 45 நிமிடம் கலைவேலை செய்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புடைய கோட்டிசோல் குறைந்தது. முன்அனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு அதில் தெரியவில்லை. உங்களுக்கு அது நல்ல செய்திதான். ஆனாலும் 45 நிமிடத்தின் அமைதி வேறு, ஆண்டுகளாகத் தூக்கத்தைக் கெடுக்கும் துயரம் வேறு. வன்னியின் காயம் தனியாள் காயம் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்து பட்ட கூட்டுக்காயம் என்று மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியிருக்கிறார். அந்தச் சுமையை உங்கள் சித்திரக் கொப்பியின் மேல் வைக்காதீர்கள். தூக்கம் வராத நிலை நீண்டால் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அதற்காக வரைவதை நிறுத்தவும் வேண்டாம்.

செலவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பள்ளிக்கூடங்களில் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்த நாடு இது. வெளிநாட்டு நீர்வர்ணப் பெட்டியை நம்பி இருக்காதீர்கள். பழைய கலண்டரின் பின்பக்கமும் அடுப்புக்கரியும் ஒரு பென்சிலும் ஒரு வருசத்துக்குப் போதும். கரி நல்ல ஆசான்; நிறத்தின் பின்னால் ஒளிய விடாமல் வெயிலையும் நிழலையும் பார்க்க வைக்கும். கைத்தொலைபேசியில் வரும் பனிமலையையும் அருவியையும் பார்த்து வரையாதீர்கள். அவற்றை இன்னொருவர் ஏற்கனவே பார்த்து முடித்துவிட்டார். ஓகஸ்ட் வெயிலில் வற்றிக் கிடக்கும் குளக்கட்டின் வெளிறிய மண்ணையும், மாரி தொடங்கிய பிறகு அதே இடத்தில் எழும் பச்சையையும் நீங்கள்தான் பார்க்கிறீர்கள். ஒரே முற்றத்தை இரண்டு காலத்திலும் வரையுங்கள். போர் உங்கள் படத்துக்குள் வர வேண்டுமென்றால் அழைக்காமலே வரும்: வேலியில் செருகிய தறப்பாள் துண்டாக, தலையில்லாத பனையாக. அப்படி வரும்போது அதையும் செவ்வரத்தையைப் பார்த்த அதே நிதானத்தோடு வரையுங்கள்.

கடைசியாக, வரைந்ததைப் பேணும் விஷயம். குருநகர்க்காரரான ஓவியர் அ. மாற்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்கே வரையக் கற்றுக் கொடுத்தவர். 1995இன் பெரும் இடப்பெயர்வில் ஊர்விட்டு, 2000ஆம் ஆண்டு மன்னாரில் காலமானார். அவர் வரைந்தவற்றில் நம்மிடம் எஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். உங்கள் படம் பெரிய ஓவியமா என்பதை இப்போது தீர்மானிக்க வேண்டியதில்லை. கறையான் ஏறாத இடத்தில், பொலித்தீனில் சுற்றி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். படமெடுத்து வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். தெரேசின் பிள்ளைகளிடம் அந்த ஆசிரியை பெயரை எழுதச் சொல்லியிருந்தார். அதனால்தான் அவற்றில் பல படங்கள் எந்தப் பிள்ளையுடையவை என்று இன்றும் சொல்ல முடிகிறது. நீங்களும் ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பெயர், ஊர், திகதி மூன்றையும் பென்சிலால் எழுதிவிடுங்கள்; மை நனைந்தால் ஊறிவிடும்.

அன்புடன்,
உங்கள் அக்கா